குதிரை, கிழங்கு, அம்மா!

மார்கழி மாசம் ராத்திரி 2 மணிக்கு ஃபேனை அஞ்சில் வைப்பவர்களை என்ன செய்யலாம்?

போன மார்கழியில் எங்கள் குரோம்பேட்டை வீட்டின் தலையாய பிரச்னை இதுதான். எழுதுகிறேன் பேர்வழி என்று நான் ஹாலிலேயே படுத்துவிடுவது வழக்கம். எதிர்ப்பக்கம் அம்மா. விறைத்துப் போய் எழுந்து ஃபேனை ரெண்டில் வைப்பேன். திரும்பி வந்து போர்வைக்குள் நுழைவதற்குள் டக்... டக்... டக்... மறுபடி அஞ்சு!

"ஏம்மா, மார்கழியில எதுக்கு ஃபேன்? கரண்ட் பில் யார் கட்டறது?"

"உடம்பெல்லாம் தகதகன்னு எரியுதுடா. பாரு, எப்படி வேர்த்திருக்குன்னு."

"பித்தம். ராத்திரி பஜ்ஜி வேண்டாம்னா கேட்டாத்தானே?"

நான் படித்தது பி.காம். அதிலும் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர். இருந்தாலும் வைத்தியம் பார்ப்பதில் மட்டும் தயக்கமே கிடையாது. நம்மில் யாருக்குத்தான் இருக்கிறது, சொல்லுங்கள்?

அம்மாவுக்கு வயசு 53. 'அது' நின்று ரெண்டு வருஷம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரே கூரையின் கீழ் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். எந்த பேங்க்கில் வட்டி எவ்வளவு என்று தெரியும். அம்மா எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று தெரியாது.

தை மாசம் நியூஜெர்ஸியிலிருந்து அக்கா வந்தாள். பெரியப்பா பொண்ணு. எனக்கு ஒரு பர்ஸ், என் மனைவிக்கு ஒரு ஹேண்ட்பேக், அம்மாவுக்கு ஒரு டப்பா. வெள்ளை டப்பா, பச்சை இலை படம், உள்ளே க்ரீம்.

"சித்தி, இது மருந்தே இல்லை. காட்டுக் கிழங்குலேர்ந்து எடுத்தது. நம்ம உடம்புல சுரக்கற ஹார்மோன் மாதிரியே, அச்சு அசல். அங்கே எல்லாரும் இதைத்தான் பூசிக்கறாங்க. சைடு எஃபெக்ட் சுத்தமா கிடையாது."

அம்மா பயபக்தியோடு வாங்கி பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அமெரிக்க டப்பா அல்லவா!

ஃபேன் என்னவோ அஞ்சிலேயேதான் சுற்றியது.

வைகாசியில்தான் குட்டு வெளிப்பட்டது. கண்டுபிடித்தவள் என் மனைவி. அவளுடைய நாப்கின் பாக்கெட்டில் ஸ்டாக் டாலி ஆகவில்லை. ரெண்டு குறைந்தது, அப்புறம் மூணு. வீட்டில் இருப்பதே ரெண்டு பெண்கள். சந்தேகப்பட அதிக ஆளில்லை.

"அத்தை, உங்களுக்கு நின்னு போச்சுன்னு சொன்னீங்களே?"

அம்மாவுக்கு வெட்கம். கூடவே கொஞ்சம் பெருமையும்கூட! பங்குனியிலிருந்தே அவ்வப்போது லேசாகப் படுகிறதாம். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னபோது, "க்ரீம் வேலை செய்யுது சித்தி!" என்று ஒரு கட்டை விரல் பொம்மை வந்திருக்கிறது. அதனால் அம்மா ரெண்டு மாசமாக டப்பாவை இன்னும் தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தாள்.

மாமியாரும் மருமகளும் சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவில் டாக்டரைப் பார்க்கப் போனார்கள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லையாம். நிதானமாகச் சொன்னாராம். "ஒரு வருஷம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னு போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாக்கூட உடனே வந்து காட்டணும்மா. பத்துப் பேர்ல ஒன்பது பேருக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காது. அந்தப் பத்தாவது ஆளுக்குக் கர்ப்பப்பையில கேன்ஸரா இருக்கலாம். யார் அந்தப் பத்தாவது ஆள்னு டெஸ்ட் பண்ணாம எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஏதோ தடிப்பு. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர எட்டு நாள்.

அந்த எட்டு நாளும் வைகாசி வெயிலில் நானே எழுந்து போய் ஃபேனை அஞ்சில் வைத்தேன். தூக்கம் வராததால் அந்த டப்பாவின் ஜாதகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டப் போகிறேன். உட்காருங்கள்.

* * *

விஷயம் எளிது. பெண்களுக்கு ஒரு வயதுக்கு மேல் சினைப்பை கடையைச் சாத்துகிறது. நம் ஊரில் சராசரியாக 46, 47 வயசில், அமெரிக்காவில் 51-ல். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மளமளவென்று குறைகிறது. மூளைக்குள் இருக்கும் 'தெர்மாஸ்டாட்' அதனால் குழம்பிப்போகிறது. உடம்புச் சூடு துளி ஏறினாலும் 'ஐயோ தீ!' என்று அலறி வேர்வையைத் திறந்துவிடுகிறது. அதுதான் மார்கழியில் ஃபேன். பஜ்ஜி நிரபராதி.

உடம்பு சுரக்காததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் 1942-லேயே இதற்கு ஒரு மாத்திரை வந்துவிட்டது. பெயர் ப்ரெமாரின். 'ப்ரெக்னன்ட் மேர்ஸ் யூரின்' என்பதை வெட்டி ஒட்டிய பெயர். அதாவது, கர்ப்பிணிக் குதிரைகளின்... ஆமாம் சார், அதேதான்! நம் ஊர் கோமியத்தைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்க.

மாத்திரை வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை. லட்சக்கணக்கான பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் 1975-ல் ஒரு குண்டு விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் கேன்ஸர் அதிகம் வருகிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. காரணம், ஈஸ்ட்ரோஜன் ஆக்ஸிலேட்டர், உட்சுவரை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன்தான் பிரேக். ஆக்ஸிலேட்டரை மட்டும் கொடுத்துவிட்டு பிரேக்கைக் கழற்றினால்? அதிலிருந்து கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த குண்டு 2002 ஜூலையில். 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். குதிரை ஈஸ்ட்ரோஜனோடு, புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் ஒரு செயற்கை மருந்தும் சேர்ந்த மாத்திரை அது. சாப்பிட்டவர்களில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதல். பக்கவாதமும் 8 கூடுதல், மாரடைப்பு 7 கூடுதல். அதே சமயம், இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு, பெருங்குடல் கேன்ஸர் 6 குறைவு.

கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது ரெண்டு பக்கமும் எழுத வேண்டிய லெட்ஜர். பேப்பர்காரர்கள் டெபிட் பக்கத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயசே 63 என்பதும் அமுங்கிப்போனது. 50 வயசில் வேர்த்துக் கொட்டுகிறவர்களும் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள்.

மாத்திரை போச்சு. வேர்வை போகவில்லையே!

இந்த இடத்தில்தான் புது வியாபாரம் அமெரிக்காவில் அமோகமாகச் சூடு பிடித்தது. "குதிரைச் சரக்கு வேண்டாம் மேடம். உங்கள் உடம்பில் சுரக்கும் அதே ஹார்மோன். இயற்கை. உங்களுக்கென்றே அளந்து கலந்து தருகிறோம்." இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பயோஐடென்டிகல்'.

கேட்கவே எவ்வளவு குளுகுளு என்று இருக்கிறது! எங்கள் அக்கா விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

* * *

சரி, உடம்பில் சுரப்பதை எங்கிருந்து எடுப்பார்கள்? மனுஷங்களைப் பிழிய முடியாதே. இங்கேதான் கிழங்கு வருகிறது. கூடவே ஒரு ஹீரோ.

ரஸல் மார்க்கர் என்று ஒரு அமெரிக்க கெமிஸ்ட்ரி புரொபஸர். அப்போது புரோஜெஸ்டிரோன் ஒரு கிராம் 80 டாலர். அதை ஏதாவது செடியிலிருந்து மலிவாகத் தயாரிக்க முடியுமா என்று அலைந்துகொண்டிருந்தார். மெக்ஸிகோவில் வெராக்ரூஸ் பக்கம் ஒரு ராட்சசக் காட்டுக் கிழங்கு இருப்பதாக ஒரு தாவரவியல் புத்தகத்தில் படத்தோடு பார்த்தார். 1942-ல் பஸ் பிடித்தார். ஸ்பானிஷ் தெரியாது. ஒரு மளிகைக் கடைக்காரரிடம் சைகை பாஷையில் பேசி, கிழங்கைப் பிடித்துவிட்டார். மூட்டை திருட்டுப் போயிற்று! ஒரு போலீஸ்காரருக்குக் கையூட்டு கொடுத்து ஒரு கிழங்கை மீட்டார். (ஆக, அந்த விஷயத்தில் உலகம் முழுக்க 'ஐடென்டிகல்'தான்.)

அந்தக் கிழங்கு நம் ராசவள்ளிக் கிழங்குக்குப் பங்காளி முறை. சர்க்கரைவள்ளிக்குப் பெயர்தான் ஒட்டும், உறவு ஒட்டாது. அதில் டயோஸ்ஜெனின் என்று ஒரு சரக்கு. மார்க்கர் அதை லாபில் படிப்படியாக உடைத்து, மாற்றி, மனித உடம்பில் சுரக்கும் அதே புரோஜெஸ்டிரோனைக் கிலோ கணக்கில் செய்து காட்டினார். 1944-ல் மெக்ஸிகோவில் ஸிண்டெக்ஸ் என்ற கம்பெனியைச் சேர்ந்து ஆரம்பித்தார். 1945-லேயே பணத் தகராறில் வெளியே வந்தார். கெமிஸ்ட்ரியில் புலி, பார்ட்னர்ஷிப்பில் எலி! பி.காம். படித்த ஒரு ஆளைக் கூட வைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது முக்கியமான வரி. கிழங்கு ஹார்மோன் ஆனது லாபில். நம் உடம்பால் அதைச் செய்ய முடியாது. அதற்கான சாமான் நம்மிடம் இல்லை. காட்டுக் கிழங்கை அரைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசினாலும் ஒரு துளி புரோஜெஸ்டிரோன் உண்டாகாது. வாசலில் ஒரு லாரி இரும்புத் தாதுவைக் கொட்டிவிட்டு, 'காலையில் பைக் ஆகிவிடும்' என்று காத்திருப்பது மாதிரி.

அம்மாவின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கிழங்குச் சாறு, கற்றாழை, வாசனை. எத்தனை மில்லிகிராம் ஹார்மோன்? அந்த வரியே இல்லை.

ஃபேன் ஏன் அஞ்சிலேயே சுற்றியது என்று புரிந்தது. 'க்ரீம் வேலை செய்யுது' என்று அம்மா நம்பியது எதை என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

* * *

அப்படியானால் 'உடம்பில் சுரப்பதே' என்பது முழுப் பொய்யா? அதுதான் இல்லை. இதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

'ட்ரூ காப்பி' தெரியும் அல்லவா? வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது சர்டிஃபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கெஜட்டட் ஆபீஸரைத் தேடி அலைந்து, அவர் ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தருவாரே... அது.

நம் வீடுகளில் எத்தனையோ பேர் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை அப்படிப்பட்ட ட்ரூ காப்பிதான். உடம்பில் சுரக்கும் அதே தைராக்ஸின், லாபில் செய்தது. யாரும் அதில் இலை படம் போடவில்லை. மெனோபாஸுக்கும் அப்படியே: உடம்பில் உள்ள அதே எஸ்ட்ரடயால், ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும் ஜெல்லாகவும் வருஷக்கணக்காக இருக்கிறது. அதே புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலுக்கு அமெரிக்க மருந்துத் துறை 1998-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ரெண்டும் ஒரே கேப்ஸ்யூலில் 2018-ல் வந்தது. பரிசோதித்து, அளந்து, ஆபத்து என்னென்ன என்று சீட்டு அச்சடித்துக் கூட வைத்து... பச்சை மை கையெழுத்தோடு!

'உங்களுக்கென்றே கலந்து தருகிறோம்' பார்ட்டி? செல்ஃப் அட்டெஸ்டட்! நானே ஜெராக்ஸ் எடுத்தேன், நானே கையெழுத்துப் போட்டேன், நம்பிக்கோ!

2001-ல் இப்படிக் கலந்து விற்கும் 12 கடைகளின் 29 மருந்துகளை (ஹார்மோன் மட்டுமல்ல, பல வகை) அமெரிக்க மருந்துத் துறை வாங்கிச் சோதித்தது. 10 மருந்துகள் ஃபெயில். பெரும்பாலும் சொன்ன அளவு உள்ளே இல்லை. பிரேக் மருந்து அளவு குறைந்தால் என்ன ஆகும் என்று 1975-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 2008 ஜனவரியில் ஏழு கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. 'எங்கள் ஹார்மோன் ஆபத்தில்லாதது' என்று ஆதாரமில்லாமல் சொன்னதற்காக. 2020-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் எல்லாவற்றையும் அலசிவிட்டு, இந்தக் கலவைகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கலவை டப்பாக்களில் எச்சரிக்கைச் சீட்டு வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கம்பெனி மாத்திரையில் சீட்டு உண்டு. ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சீட்டு உள்ளது ஆபத்து, சீட்டு இல்லாதது பத்திரம். ஆடிட் செய்யாத கம்பெனியில் ஊழலே கிடையாது என்கிற மாதிரி!

இன்னொன்று. அச்சு அசலாக ஒரே ஹார்மோன் என்றால், அச்சு அசலாக அதே வேலையைத்தான் செய்யும். நல்லதையும், கெட்டதையும். உடம்பில் சுரக்கும் எஸ்ட்ரடயாலையே பிரேக் இல்லாமல் கொடுத்தாலும் உட்சுவர் வளரத்தான் செய்யும். 'நம்ம ஆள்' என்பதற்காக அது நம்மைச் சும்மா விடாது. நம்ம ஆள் என்பதாலேயே ஏமாந்த கதை நம் எல்லோருக்கும் ஒன்றாவது இருக்குமே!

* * *

எட்டாம் நாள். ரிசல்ட் கவரை வாங்க நான் போனேன். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றும் புரியவில்லை. 'கேன்ஸர் இல்லை' என்று தமிழில் எழுதக் கூடாதா சார்?

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு நிமிர்ந்தார். "பாலிப். சாதாரணச் சதை வளர்ச்சி. எடுத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்லை."

"அந்த க்ரீம்னாலயா டாக்டர்?"

"அதுல பெரும்பாலும் ஒண்ணுமே இருந்திருக்காது. க்ரீம் செஞ்ச கெடுதல் வேற. ரத்தம் பட்டதை 'குணம் தெரியுது'ன்னு நினைக்க வெச்சு, ரெண்டு மாசத்தைத் தின்னுடுச்சு பாருங்க. வேற ரிசல்ட்டா இருந்திருந்தா அந்த ரெண்டு மாசத்துக்கு விலையே வேற."

பாலிப்பை எடுத்தார்கள். ஒரு மாசம் கழித்து டாக்டரம்மா பிரஷர் பார்த்து, மார்பகத்துக்கு மாமோகிராம் எடுத்து, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, பேடை எடுத்து எழுதினார். எஸ்ட்ரடயால் ஜெல், புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். உடம்பில் சுரக்கும் அதே ரெண்டு! அறுபது வயசுக்குள், அல்லது நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால் நிறையப் பேருக்கு லாபம்தான் அதிகம் என்பது இப்போதைய கணக்கு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துத் துறையே இந்த மருந்துகளின் மேல் ஒட்டியிருந்த பெரிய எச்சரிக்கைகளை எடுப்பதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுப்பது பற்றிய கர்ப்பப்பை கேன்ஸர் எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மார்பகக் கேன்ஸர் வந்தவர்கள், ரத்தக் கட்டி வந்தவர்கள் போன்றோருக்கு இது பொதுவாக ஆகாது. அதனால் என் அம்மா சீட்டைக் கொண்டு போய் உங்கள் அம்மாவுக்கு வாங்காதீர்கள். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லே?"

"உடம்பு எரியுதுன்னு சொன்னேனேடா. நீ கரண்ட் பில்லைச் சொன்னே."

குரோம்பேட்டை வரும்வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே, மேன்ஷனில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு போன் போடும் தம்பிகளே! "சாப்டியா, பணம் வந்துதா"வோடு வைத்துவிடாமல், "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். யாராவது டப்பா கொண்டு வந்து கொடுத்தால், பச்சை இலையைப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன, எத்தனை மில்லிகிராம், சோதித்துக் கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். நின்றது மறுபடி வந்தால், அது எந்த க்ரீமின் மகிமையும் இல்லை. அன்றைக்கே ஆட்டோ.

இதோ, மறுபடி மார்கழி வந்துவிட்டது. நேற்று ராத்திரி கட்டுரையை முடிக்க உட்கார்ந்தவன், பழக்கதோஷத்தில் ஃபேனை அஞ்சில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்:

"ஏன்டா, மார்கழியில எதுக்கு ஃபேன்? கரண்ட் பில் யார் கட்டறது?"